உங்க பொருளு, மொதலாளி

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். தற்பெருமை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். வடக்குப்பட்டிலிருந்து வெறுங்காலோடு வந்தேன். ஒரகடம் சாலையில் எங்கள் ஊர்ப் பக்கம் முதல் தொழிற்சாலைக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியபோது கலவை சுமந்தேன். சுவர் முடிந்த மறுநாள், அதே சுவருக்கு எதிரே நான்கு சவுக்குக் கம்பும் ஒரு தார்ப்பாயும் கட்டி இட்லிக் கடை போட்டேன். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று புல்டோசர் வந்து இரண்டு தடவை கடையை வாரிக்கொண்டு போனது. இரண்டு தடவையும் அடுத்த நாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு என் அடுப்பு எரிந்தது. இங்கே தண்ணீரே கிடையாது என்று இரண்டு பேர் கைவிட்டுப் போன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். இப்போது அங்கே நிற்பது இரண்டு மாடி மெஸ். சாலையோரம் வரிசையாக மேசை போட்டு, வெளிக்காற்றில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று இந்தச் சாலைக்குக் காட்டியது நான். எனக்குப் பின்னால்தான் பிரியாணிக் கடை, பரோட்டாக் கடை, மோமோ வண்டி எல்லாம். சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்குச் சங்கம் வைத்ததும் நான். இன்றுவரை தலைவரும் நான். மூன்று பெண்களைப் படிக்க வைத்தேன். ஒருத்தி, நான் கலவை சுமந்த சுவருக்கு உள்ளேயே இன்று இன்ஜினீயர்.

இதில் ஒன்றைக்கூடப் பெரிதாக நினைக்காத ஆள் இந்த ஊரில் ஒரே ஒருவர்தான். எங்கள் தெருவைப் பெருக்கிய அம்மா.

போன வாரம் எங்கள் பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் அவருக்காகப் பேசப்போய், எல்லாரிடமும் கெட்ட பேர் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். கையெழுத்து என் இரண்டாவது பெண்ணுடையது, வார்த்தை என்னுடையது. அந்த அம்மாவின் பெயரை மட்டும் இங்கே எழுத மாட்டேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆள் குள்ளம். புடவைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்துவிட்டது. பேரூராட்சி கொடுத்த பச்சைக் கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் தள்ளுவண்டியின் கைப்பிடியில் மாட்டியிருப்பார். ஏன் என்று கேட்டால், "அது வண்டிக்கி குடுத்த யூனிபாரம்" என்பார். நடக்கும்போது தரையைத்தான் பார்ப்பார். பேசும்போது மட்டும் நிமிர்ந்து நேராக முகத்தைப் பார்ப்பார். அதுதான் எனக்குப் பிடிக்காது. அந்த நாளில் நான் அவரை அவள் என்றுதான் சொன்னேன். கூப்பிட்டால் "ந்தா" என்று கூப்பிடுவேன்.

அவரிடம் ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. குப்பை என்று தனியாக ஒன்று கிடையாது என்பார். எல்லாம் யாரோ ஒருவருடைய பொருள். வழி தவறி வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் உரியவரிடம் விடவேண்டும்.

"அனாதையா ஒண்ணும் கெடையாது மொதலாளி. எல்லாத்துக்கும் ஒரு வூடு கீது." இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

வீட்டு வாசலில் முறையாகக் கொடுத்தால் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு போவார். ராத்திரி ஆளில்லாத நேரம் பார்த்துக் குட்டையோரம் வீசினால்தான் வம்பு. எங்கள் மெஸ்ஸுக்குப் பின்பக்கம் ஒரு குட்டை இருந்தது. ஊர் முழுக்க அங்கேதான் வீசியது. காலையில் வந்து பையைப் பிரித்துப் பார்ப்பார். மூடுவார். நேராக அந்த வீட்டுக்குப் போய் வாசல் படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவார்.

அப்போது எங்கள் வார்டு கவுன்சிலராக இருந்தவர் வீட்டில் பெண்ணுக்குக் காதுகுத்து. மறுநாள் காலை அவருடைய காரின் பானெட்மேல் இரண்டு மூட்டை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இந்த அம்மா.

"இன்னாமா இது?" என்று கத்தினார் கவுன்சிலர்.

"உங்க பொருளு சார். குட்டையாண்ட கெடந்துச்சு."

"என் வூட்டுதுன்னு உனக்கு எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லல சார். பத்திரிகை உள்ளயே கீது. உங்க போட்டோவும் போட்டு கீது. ஈ மொய்ச்சிகினு இருந்துச்சு, மனசு கேக்கல."

நான் எதிரில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுத்தபோதெல்லாம் நான் நன்றாகச் சிரித்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீ என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். என் கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ். அவருக்கு மட்டும் பேப்பர் கப். யாரும் அப்படிச் செய் என்று எனக்குச் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். வாங்கிக்கொண்டு போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்று குடிப்பார். குடித்து முடித்ததும் கப்பை வண்டியில் போடமாட்டார். நேராக என் கல்லா மேசைக்கு வந்து, என் முன்னால் வைப்பார்.

"உங்களுது மொதலாளி."

தினமும். ஒருநாள் தவறாமல். வண்டி நிறையக் குப்பை இருக்கிறது, அதில் போட்டால் என்ன என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

தொழிற்சாலை வாசலில் நடந்ததை ஊரே இன்னும் சொல்லும். கேன்டீன் கழிவையும் கிழிந்த கையுறைகளையும் அள்ளிப்போகும் ஒப்பந்தக்காரன் தூரம் போகச் சோம்பல்பட்டுக் குட்டையில் கொட்டிவிட்டுப் போவான். ஒரு மாதம் பார்த்தார். ஒருநாள் மதியம் இரண்டு மணி, ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டு உள்ளே போகிற நேரம், வண்டியை நிரப்பிக்கொண்டு போய் நேராகக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். உள்ளேயிருந்து வெளியே வரவேண்டிய பஸ்கள் வரிசையாக நின்றன.

செக்யூரிட்டி ஓடி வந்தான். "மேடம், கம்பெனிக்குள்ள நீங்க வரக்கூடாது."

"நான் எங்க தம்பி வரேன்னு சொன்னேன்? உங்க பொருளுதான் உள்ள வரணும்னு சொல்லுது."

கழுத்தில் அட்டை மாட்டிய அதிகாரி ஒருவர் வந்தார். "இது எங்க கம்பெனியோடதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

வண்டியிலிருந்து ஒரு கையுறையை உருவினார் அந்த அம்மா. வெள்ளைப் பருத்தி, மணிக்கட்டில் நீலக் கோடு. நின்றுகொண்டிருந்த முதல் பஸ்ஸைக் காட்டினார். ஜன்னல் வழியாக ஒரு பையன் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்த அலுப்பில் கையுறையைக் கழற்ற மறந்துவிட்டான்.

"அந்தத் தம்பி கையில கீது பாரு சார். அதோட சோடி இது."

பையன் வெடுக்கென்று கையை உள்ளே இழுத்துக்கொண்டான். பஸ் முழுக்கச் சிரித்தது. மறுநாளிலிருந்து கம்பெனி தன் சொந்த வண்டியில் கழிவை எடுத்துக்கொண்டு போனது. தெருவே கைதட்டியது. நானும் தட்டினேன்.

ஏற்கெனவே குட்டையில் கிடந்த கையுறைகளைக் கம்பெனி திரும்ப வாங்கவில்லை. மூட்டை மூட்டையாக இருந்தன. அவற்றை அலசிக் காயவைத்து, விரலோடு விரல் முடிந்து நீளமாகக் கயிறு மாதிரி ஆக்கினார். தினமும் வேலை முடிந்த பிறகு, யாரும் சொல்லாமல், குட்டைக் கரையில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தைச் சுத்தம் செய்வார். அந்த இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டுக் கையுறைக் கயிற்றைக் கட்டுவார். மறுநாள் குச்சியைப் பிடுங்கி இன்னொரு பாய் தள்ளி நடுவார். பார்க்கிறவர்களுக்கு நூறு பேர் கைகோத்து நிற்கிற மாதிரி இருக்கும். ஆச்சரியம், அதைத் தாண்டி ஒருவரும் குப்பை வீசவில்லை. உள்ளே மக்கிய உரம் போட்டுப் புங்கங்கன்று வைத்தார். ஷிப்டுப் பையன்கள் என் கடையில் பார்சல் வாங்கிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். பொட்டலத்தாளைக் கையோடு திரும்ப எடுத்துவந்தார்கள். வீசினால் தேடிக்கொண்டு கேட்டுக்கே வந்துவிடுவார் என்று பயம்.

கயிறு பாய் பாயாக நகர்ந்துவந்து, ஒருநாள் என் கடையின் பின்பக்கத்தைத் தொட்டது.

இதை நான் மறைக்கப்போவதில்லை. அந்தக் குட்டையில் முதல் கூடையைக் கொட்டியவன் நான். தார்ப்பாய்க் கடை நாளிலேயே எச்சில் இலையைப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டு என்று ஆளுக்குச் சொன்னவன் நான். அதற்கு முன் அது மாடு தண்ணீர் குடித்த குட்டை. நான் கொட்டினேன், என்னைப் பார்த்து மற்ற கடைக்காரர்கள் கொட்டினார்கள், அவர்களைப் பார்த்து ஊர் கொட்டியது. ஆரம்பத்தில் ஒரு பட்டியல் போட்டேனே, அதில் இதையும் சேர்த்திருக்க வேண்டும்.

ஆடிக் கிருத்திகை அன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு போனது. சிறுபாலம் வரைக்கும் மேசை போட்டிருந்தேன். ஒரு நாற்காலி காலியில்லை. மதியம் ஒரு மணிக்கு அந்த அம்மா வண்டியோடு வந்தார். வண்டி முழுக்க வாழை இலை. கல்லாவுக்கு முன்னால், எல்லார் கண்ணுக்கும் படும்படி நிறுத்தினார்.

"இன்னா இது?" என்றேன்.

"உங்க பொருளு மொதலாளி. குட்டைக்குப் போயிடுச்சு. இட்டாந்துட்டேன்."

"என்னுதுன்னு இன்னா சாட்சி? எதிர்க்கடைக்காரன் எலையா இருக்கும்."

ஓர் இலையை எடுத்து விரித்துக் காட்டினார். "அவரு நேரா நறுக்குவாரு. நீங்க சாச்சி நறுக்குவீங்க. இந்த ரோட்டுல சாச்சி நறுக்குறது நீங்க ஒருத்தர்தான்."

எனக்கே தெரியாத விஷயம். உள்ளே போய் அடுக்கியிருந்த இலைக்கட்டைப் பார்த்தேன். எல்லாம் சாய்வு. வெளியே வந்தபோது மேசையிலிருந்த ஒரு பையன், "யம்மோவ், சாம்பார்ல இருந்த முருங்கக்கா எங்க போச்சுன்னும் கொஞ்சம் கண்டுபுடிச்சிக் குடு" என்றான். சாலையே சிரித்தது. காவடி தூக்கிக்கொண்டு போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யார்கிட்ட பேசினு கீறேன்னு தெரியுதா உனக்கு?" என்று கத்தினேன்.

"தெரியாம இன்னா மொதலாளி. காலையில இருந்து உங்க எலைங்ககிட்டதான பேசினு கீறேன்."

அன்று சாயங்காலமே சங்கத்தைக் கூட்டினேன். மனு எழுதச் சொன்னேன். மேற்படி பணியாளர் வாடிக்கையாளர்கள் முன்னிலையில் வியாபாரத்துக்கு இடையூறு செய்வதால் வேறு இடத்துக்கு மாற்றும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதினார்கள். எனக்கு எழுத வருவது என் கையெழுத்து மட்டும்தான். அதனாலேயே அதைப் பெரிதாகப் போடுவேன். எல்லாருக்கும் மேலே, முதல் கையெழுத்து நான் போட்டேன். கவுன்சிலர் பானெட்டை இன்னும் மறக்கவில்லை. தன் கையாலேயே வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் அந்த அம்மாவை ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். தெருவுக்கு வேறு ஆள் வந்தார். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கயிறு எட்டாத மூலையில் என் இலைகள் மறுபடி விழுந்தன.

சில மாதம் கழித்து, மதியக் கூட்டம் ஓய்ந்து நான்கு மணிக்குக் கடையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வண்டி இல்லாமல் அந்த அம்மா வருவதை அன்றுதான் முதலில் பார்த்தேன். வேறு யாரோ என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் சுருக்கம் நீவினார்.

"ஆபீசு குப்பை கெடங்குக்கு வந்துச்சி மொதலாளி. பிரிச்சிகினு இருந்தேன். உங்க பொருளு."

என் மனு.

"என்னுதுன்னு எப்படித் தெரியும்?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். என் கடை போர்டில், பெயருக்குப் பதிலாக என் கையெழுத்தைத்தான் சிவப்புப் பெயின்டில் ஓர் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

"படிச்சியா?"

"எழுத்துக் கூட்டிப் படிச்சேன். எம் பேரு சரியாத்தான் போட்டு கீறாங்க."

அவ்வளவுதான். ஒரு வசவில்லை, ஒரு சாபமில்லை. என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு மறந்திருப்பேன். கண்ணாடி கிளாசில் ஒரு டீ கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தேன். டீ வருவதற்குள் அவர் சாலையைக் கடந்துவிட்டார்.

பிறகு துப்புரவு வேலை முழுக்க ஒப்பந்தத்துக்குப் போனது. ஒப்பந்தக்காரர் தெருவில் பெருக்கியவர்களை எடுத்துக்கொண்டார். கிடங்கில் இருந்தவர்கள் பட்டியலில் இல்லை. தெருவிலேயே இருந்திருந்தால் அவருக்கும் வேலை இருந்திருக்கும். மணிமங்கலம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

இப்போது அந்தக் குட்டைக் கரைதான் பூங்கா. அவர் வைத்த புங்கமரங்கள்தான் நிழல். வேலிகூட அவருடைய கையுறைக் கயிறு கடைசியாக நின்ற வழியில்தான் போகிறது. இன்ஜினீயர் வந்து அளந்தபோது சுத்தமாக இருந்த இடம் அவ்வளவுதான்.

போன வாரக் கூட்டத்துக்குச் சங்கத் தலைவர் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். செயல் அலுவலர் மூன்று தீர்மானங்களைத் தனித்தனியாகப் படித்தார். ஒன்று, பூங்கா திறப்பு விழா. இரண்டு, சாலையோரக் கடைகள் மேசை நாற்காலிகளை மஞ்சள் கோட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று, துப்புரவு ஒப்பந்தம் நீட்டிப்பு. மூன்றும் தனித்தனியாம்! என் மேசையில் சாப்பிட்ட இலை குட்டைக்குப் போனது, குட்டையிலிருந்து அதை ஒருத்தர் அள்ளினார், அள்ளிய இடம் பூங்கா ஆனது. மூன்றும் ஒரே கதை. அந்தக் கதையில் நடுவில் நின்ற ஆளை மட்டும் மூன்று தீர்மானத்திலும் காணோம்.

கல்வெட்டு வாசகத்தைப் படித்தார்கள். பேரூராட்சித் தலைவரின் சீரிய முயற்சியால் உருவானதாம். இந்தத் தலைவர் யார்? பானெட்மேல் மூட்டை வாங்கிய அதே கவுன்சிலர். அடுத்து, கம்பெனியின் நல்லாதரவு. எந்தக் கம்பெனி? கேட்டில் கையுறையோடு பிடிபட்ட கம்பெனி. கடைசி வரி, சிமென்ட் பெஞ்சுகள் உபயம் என்று என் பெயர்.

எழுந்தேன். "என் பங்கு சரியா வர்ல" என்றேன்.

தலைவர் சிரித்தார். "இன்னாண்ணே, எழுத்து சின்னதா இருக்குன்றியா? பெருசா போட்டுடலாம் வுடு."

"பெஞ்சு கெடக்கட்டும். அதுக்கு முன்னால நான் செஞ்சத போடு. குட்டையில மொதல்ல கொட்னது நான். அள்ளுனது அந்தம்மா. அந்தம்மாவ தொரத்த கையெழுத்து போட்டது நான், வாங்கினு போனது நீ."

செயல் அலுவலர் புதியவர், மரியாதையான பையன். "ஐயா, நீங்க சொல்ற பணியாளர் பேர் எந்தப் பதிவேட்டிலயும் இல்லையே. தினக்கூலியா இருந்திருப்பாங்க. பேர் தெரியாம கல்லுல எப்படிப் போடறது?" என்றார்.

சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்து மேசைமேல் வைத்துச் சுருக்கம் நீவினேன்.

"பேரு இதுல கீது சார். உங்க ஆபீசு பொருளு."

பல வருடம் அந்தத் தெருவைப் பெருக்கியவரின் பெயர் பேரூராட்சித் தாளில் இருப்பது அந்த ஒரே இடத்தில்தான். அதுவும் அவரைத் துரத்தச் சொல்லி நான் கொடுத்த மனுவில்.

தலைவர் தாளைத் தொடவில்லை. "தெறப்பு விழா நேரத்துல பழைய அசிங்கத்தயெல்லாம் எதுக்குண்ணே கெளர்ற? பாத்துக்கலாம், உக்காரு" என்றார். அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள். சங்கத்து ஆட்களே என்னை முறைத்தார்கள். மனுவை எடுத்து மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கல் இன்னும் செதுக்கவில்லை. நேரம் இருக்கிறது. அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதிக் கேட்கிறேன். பெஞ்சு உபயம் என்ற வரியை எடுத்துவிடுங்கள். முதல் வரியில் அந்த அம்மா பெயர் வரவேண்டும். எழுத்துப் பிழை வராது. மனுவில் சரியாக இருக்கிறது, அவரே பார்த்துச் சொன்னார். கல்லில் அது ஏறுகிறவரை இந்தத் தாளில் நான் எழுத மாட்டேன். ஏற்கெனவே ஒரு தாளில் எழுத வைத்து நான் செய்தது போதும்.

அவர் பெயருக்குக் கீழே என் பெயரைப் போடுங்கள். இந்தக் குட்டையில் முதல் கூடையைக் கொட்டியவன், அதை அள்ளியவரை விரட்டக் கையெழுத்திட்டவன் என்று போடுங்கள். கையெழுத்து வேண்டுமானால் சிற்பி என் கடைக்கு வந்து போர்டைப் பார்த்துக் கொள்ளட்டும். இந்தச் சாலையில் நான் செய்த ஒன்றையும் இன்னொருவன் பெயரில் போக விட்டதில்லை. இதையும் விடமாட்டேன். இது என் பொருள். என்னிடம் சேர்த்துவிடுங்கள்.